யூரிக்கு ஆள் அனுப்பிய போடியார்

போன மாதம் என் வீட்டுக்கு யூரிக் கடதாசி வந்தது, பெரிய வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஊராரைக் கூப்பிடும் கடதாசி. மேல் நீதிமன்றத்துக்கு இன்ன தேதிக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் தண்டம் என்று அச்சடித்த அதே கடதாசி. என் உத்தியோக காலம் முழுக்க நான் மற்றவர்கள் கையில் திணித்த கடதாசி. மட்டக்களப்பில் பிஸ்கால் கந்தோரில் கட்டளைச் சேவகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோட்டிலிருந்து, அதாவது நீதிமன்றத்திலிருந்து, புறப்படும் கடதாசிகளை உரிய ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. வேலையில் இருக்கும்போது கோட்டு ஆட்களை யூரிக்கு எடுக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தடை இல்லை என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்திருக்கிறான்.

கொண்டுவந்தது ஒரு பிள்ளை. ஸ்கூட்டியை நிறுத்தாமலே, "சாமித்தம்பி நீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். என் முகத்தை அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசல் படலையில் நின்றது சாமித்தம்பியா, சாமித்தம்பியின் தம்பியா, வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டு ஏசினேன். நானும் இதே வேலை செய்தவன் என்று சொன்ன பிறகுதான் ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஏச்சுக்கு அவள் கோபிக்கவில்லை.

"மற்றக் கடதாசியெல்லாம் எப்பிடியும் குடுத்திரலாம் ஐயா. இந்த யூரிக்காரரத்தான் பிடிக்க ஏலாமக் கிடக்கு. நீங்க எப்பிடிச் செய்தீங்க? எங்கட சேவகர் சங்க மலருக்கு எழுதித் தாங்களன்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுவேன்.

அன்றே வீட்டில் சண்டை. நெஞ்சு வருத்தம் என்று டொக்டரிடம் ஒரு மருத்துவத் துண்டு எடுக்கச் சொன்னாள் மனைவி. கொழும்பில் இருக்கும் மகன் போன் எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி இருக்கிறார், பேசிப் பார்க்கவா என்றான். இந்தக் கதைகளை ஊர் ஊராகக் கேட்டு, கேட்ட இடத்திலேயே திட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது என் வீட்டுக்குள்ளேயே கேட்கிறேன். இருவரையும் ஏசினேன். ஆனால் துண்டு எடுத்தால் என்ன என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்து போனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய சேவகனுக்குப் பின்னால் சைக்கிளில் சில வாரம் திரிந்தேன். கடதாசி கொடுக்க மூன்று வழி உண்டு என்று அவர் சொல்லித் தந்தார். ஆளின் கையில் கொடுப்பது. ஆள் இல்லாவிட்டால் வீட்டில் உள்ள வயது வந்த ஒருவரிடம் கொடுப்பது. அதற்கும் வழியில்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வருவது. சோம்பேறிச் சேவகன் மூன்றாவதில் தொடங்குவான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அதை முடித்துவைத்தவர் எங்கள் கோட்டுப் பதிவாளர் ஐயா. மெலிந்த மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு கோப்பை பிளேன்டீ, பால் விடாத தேநீர், இருக்கும். அது நன்றாக ஆறிய பிறகுதான் குடிப்பார். கடதாசி கொடுத்துவிட்டு வந்தால் அவர் முன்னால் நின்று ஒப்புவிக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தாய் என்பார். பெயரைச் சொல்ல வேண்டும். எங்கே என்பார். இடத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி, "முகம்?" என்பார்.

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. "மனிசர்ர முகந்தான் ஐயா" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. போய் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். கடதாசி கொடுத்த இடம் சித்தாண்டி. உச்சி வெயிலில் திரும்பவும் சைக்கிள் மிதித்துப் போனேன். அந்த ஆள் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, உங்கள் முகத்தைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வழி நெடுகப் பதிவாளரைத் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு கடதாசி கொடுத்த ஒரு முகத்தையும் நான் மறந்ததில்லை. யூரிக் கடதாசி என்றால் நேரில், கையில்தான் கொடுக்க வேண்டும், மற்ற வழி எதையும் அவர் ஏற்கமாட்டார்.

யூரியைப் பற்றி இப்போது வேலைக்கு வந்திருக்கும் பலருக்குத் தெரியாது. அது நன்றாகக் குறைந்துவிட்டது. கொலை போன்ற பெரிய வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்பவன், அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், கேட்டால், நீதிபதி தனியாகக் குற்றம் தீர்மானிக்க மாட்டார். ஊரிலிருந்து கூப்பிட்ட ஆட்களில் சீட்டுக் குலுக்கி ஏழு பேரை எடுத்துப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சாட்சியம் முழுவதையும் கேட்கவைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே சொல்ல வைப்பார்கள். சொத்து, வருமானம், உத்தியோகம் உள்ளவர்களைத்தான் பட்டியலில் போடுவார்கள். அதாவது தப்பி ஓடத் தெரிந்தவர்களை. வங்கிக்காரர் கணக்கு முடிப்பு என்பார். பள்ளி அதிபர் பரீட்சை என்பார். ஒருவர் என் முன்னாலேயே தன்னுடைய தம்பிபோல நின்று, அண்ணன் டோகாவில் என்றார். சீட்டுக் குலுக்க ஆள் போதாவிட்டால் வழக்குத் தவணை போகும். அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கூண்டில் நின்றவன் விளக்கமறியல் சிறைக்குத் திரும்பிப் போவான்.

அப்படித் திரும்பத் திரும்பப் போனவன்தான் தவராசா.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு வயல் வட்டையில் தண்ணீர் திருப்பும் சண்டை. ஒருவன் வாய்க்காலுக்குள் மண்வெட்டி வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தான். அதற்கு முன்பு அவனோடு வாய்த் தகராறு பட்டவன் பக்கத்து வயல் வரவையில் குத்தகைக்குச் செய்த தவராசா. பிடித்து உள்ளே போட்டார்கள். பிணை இல்லை. அவன் யூரி கேட்டான். தண்ணீர்ச் சண்டை எப்படி இருக்கும் என்று நீதிபதியைவிட ஊரான் ஏழு பேருக்குத் தெரியும் என்று அவனுடைய சட்டத்தரணி நினைத்தார். நினைப்பு சரிதான். ஆனால் ஏழு பேர் வர வேண்டுமே. தவணைக்கு மேல் தவணை போனது.

அவன் மனைவி யோகம் ஒவ்வொரு தவணைக்கும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவி கடந்து, பஸ் எடுத்து வருவாள். அவளுக்குச் சட்டத்தரணியையும் தெரியாது, நீதிபதியையும் தெரியாது. யூரிக்காரரைக் கொண்டுவருகிறவன் நான் என்று யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என்னைத்தான் பிடிப்பாள். "அண்ணன், இந்த முறை ஏழு பேரும் வருவாங்களா?" என்பாள். வரவைப்பேன் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பொய்யாகிப் போகும்போது எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அதனால் ஒரு தவணைக்கு நான் வெறி பிடித்தவன்போல அலைந்தேன்.

ஏறாவூரில் ஒரு புடவைக்கடை ஹாஜியார் பட்டியலில் இருந்தார். கடைக்குப் போனால், முதலாளி கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டார் என்றார்கள். வாசலில் அவருடைய செருப்பு. காசு மேசைக்குப் பின்னால் வெறும் கதிரை, அதன்மேல் மின்விசிறி ஓடுகிறது, மேசையில் ஆவி பறக்கும் தேநீர். நான் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்து தேநீரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினேன். பாதி குடித்திருப்பேன். சாரக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது என்ட டீ, தம்பி."

வெளியே வந்து கடதாசியை வாங்கிக்கொண்டார். ஆனால் வாங்கிய பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "நான் குற்றவாளி எண்டு சொன்னா, ஹாஜியார் ஒரு தமிழன உள்ளுக்குப் போட்டுட்டார் எண்டுவாங்க. குற்றமில்ல எண்டு சொன்னா, செத்தவன்ட ஆக்கள் என்ட கடைப் படி மிதிக்க மாட்டாங்க. எனக்கு என்னத்துக்குத் தம்பி இது?"

ஏழு பேர் சேர்ந்துதானே சொல்கிறீர்கள் என்றேன்.

"மத்த ஆறு பேர்ட பேரும் கடைப் பேர்ப் பலகையில இல்லயே" என்றார்.

பயந்தவனைக் கோழை என்று சொல்வது லேசு. அவர் பயந்தது நியாயம். ஆனாலும் அந்தத் தேதிக்கு அவர் வந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, எல்லோருக்கும் முதல் வந்து உட்கார்ந்தார்.

அடுத்தவர் பூபாலப்பிள்ளைப் போடியார். வீடு இந்தக் கரையில், வயல் அந்தக் கரையில், ஏக்கர் கணக்கில். வீட்டுக்குப் போனால் வயலில் என்பார்கள். வயலுக்குப் போனால் வீட்டுக்குப் போய்விட்டார் என்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு என்று நான் ஒரு வழி வைத்திருந்தேன். வாவியைக் கடக்க ஒரே ஒரு பாதைதான். மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறும் மிதக்கும் தட்டு. அது கரையை விட்டு வெளிக்கிட்டால் அந்தக் கரை போய்ச் சேரும்வரை ஒருவராலும் இறங்க ஏலாது. நான் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, நடுத் தண்ணீர் வரும்வரை பேசாமல் நிற்பேன்.

அன்றும் அப்படித்தான். நடு வாவியில் வைத்து அவர் பக்கத்தில் போய்க் கடதாசியை நீட்டினேன். போடியார் என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், தண்ணீரையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "குதிப்பமெண்டா நீந்தவும் தெரியா" என்றார். பாதையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விதைப்பு நேரமாக இருக்கிறதே என்று மட்டும் முணுமுணுத்தார். கட்டை ஆள், இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு, வெற்றிலையில் சிவந்த பல், முன்பல் ஒன்று இல்லை. அன்று பின்னேரம் பதிவாளர் ஐயாவிடம் இதே வரிசையில் ஒப்புவித்தேன்.

அந்தத் தவணைக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். ஏழு பேர் பெட்டிக்குள் ஏறினார்கள், வழக்குத் தொடங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. வேறு கடதாசிகளோடு என்னைக் கல்குடாப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். வழக்கு நன்றாகப் போகிறது என்று பின்னேரங்களில் கேள்விப்பட்டேன். தவராசாவைக் கண்டதாகச் சொன்ன முக்கிய சாட்சி, குறுக்கு விசாரணையில் தடுமாறி, தூரத்தில் ஓடியது அவன்தானா என்று உறுதியில்லை என்று சொல்லிவிட்டானாம். நாளை யூரி தீர்மானம், ஆள் வீட்டுக்குப் போவான் என்று கோட்டு வளவு முழுக்கக் கதை.

தீர்மானத்துக்கு முதல் நாள் காலை யோகம் கோட்டு வாசலில் நின்றாள். அவள் சிரித்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. "நாளைக்கு இந்நேரம் அவர் பாதையில ஏறியிருப்பார் அண்ணன்" என்றாள். எனக்கும் சந்தோசம்தான். ஆட்களைக் கொண்டுவந்தவன் நான் அல்லவா?

யூரிக்காரரைக் கவனிக்கிற கோட்டு ஆராய்ச்சி என்ற உத்தியோகத்தருக்கு அன்று காய்ச்சல். மத்தியானச் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய் அவர்கள் அறையில் கொடுக்கச் சொல்லி என்னைப் பிடித்து அனுப்பினார்கள். பேர் கூப்பிட்டு ஒவ்வொரு பார்சலாக நீட்டினேன். ஹாஜியார் வாங்கும்போது, டீ கொண்டு வரவில்லையா, வழியிலேயே குடித்துவிட்டாயா என்று பகிடி விட்டார். பிறகு பூபாலப்பிள்ளை என்று கூப்பிட்டேன். நெட்டையான, புருவத்தில் ஒரு கீறலும் இல்லாத, பல் எல்லாம் வெள்ளையாக இருக்கிற ஒரு மனிதர் எழும்பி வந்து கையை நீட்டினார். நான் பார்சலை விடவில்லை. அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு சோற்றுப் பார்சலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் விட்டேன்.

வெளியே வந்து விறாந்தையில் நின்றேன். யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆறு பேருக்கும் தெரியாது. நீதிபதிக்குத் தெரியாது. என்னைத் தவிர அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் போடியாரின் முகம் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் நாளைக்கு ஒருவன் வீட்டுக்குப் போவான். சொன்னால் எல்லாம் குலையும். ஆனால் கோட்டில் பேர் கூப்பிட்டு, சத்தியம் வாங்கி உட்காரவைக்கிற இடத்தில் வேறு ஆள் உட்காரலாம் என்றால் பிறகு எதற்கு இந்தக் கோடு? இன்றைக்கு விடுதலை செய்ய ஒருவன் மாறி வருவான். நாளைக்கு ஒருவனை உள்ளே தள்ள ஒருவன் மாறி வருவான். அதையும் நானா சோற்றுப் பார்சல் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது?

பதிவாளர் ஐயாவிடம் போனேன். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "யூரியில இரிக்கிறது போடியார் இல்ல ஐயா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "முகம்?"

பாதையில் கண்ட முகத்தையும் அறையில் கண்ட முகத்தையும் சொன்னேன். சோசரை எடுத்துக் கோப்பையை மூடினார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிபதியின் அறைக்கு நடந்தார்.

அந்த மனிதரைக் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. பேர் நாகமணி. போடியாரின் மனைவியின் தம்பி. "மச்சான் விதைப்பில நிக்கார் ஐயா. அவருக்காக நான் வந்த" என்று சாதாரணமாகச் சொன்னார். பொலிஸ் ஜீப் போய்ப் போடியாரை வயலிலிருந்து ஏற்றிவந்தது. காலில் சேறு காயவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். போடியார் நீதிபதியை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வாய்க்கால் துப்புரவுக்கு வளவுக்கு ஒரு ஆள் எண்டு கூப்பிடுவாங்க ஐயா. நான் போனதே இல்ல, ஆள்தான் அனுப்புற. ஒருத்தரும் குற்றம் சொன்னதில்ல. கோயில் வேலைக்கும் அப்பிடித்தான். இது நியாயம் சொல்ற வேலையாச்சே எண்டுதான் கூலிக்காரன அனுப்பாம என்ட சொந்த மச்சான அனுப்பின. அவன் நாலெழுத்துப் படிச்சவன் ஐயா."

கோட்டில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீதிபதிக்கும் சிரிப்பு வந்திருக்கும், காட்டவில்லை. எங்கள் பக்கத்து ஆளுக்குத்தான் இப்படி ஒரு பிழை விடத் தெரியும். கடதாசி பேருக்கு வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. வீடு வளவுக்கு வருகிறது என்றே நினைத்தார். ஆள்மாறாட்டத்துக்கு இருவருக்கும் தண்டம் விதித்து எச்சரித்து விட்டார்கள். யூரியைக் கலைத்தார்கள். வழக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டளை. தவராசாவை விலங்கு போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். சிறைக்காவலன் கையைப் பிடித்துத் திருப்பும்வரை அவனுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

நாகமணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவர் தூங்கி விழுந்தாராம், இன்னொருவர் மணிக்கூடு பார்த்தாராம். சாட்சியத்தைக் கவனமாகக் கேட்டது இந்த மனிதர்தானாம். இரவில் நித்திரை வரவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார், ஒரு உயிரின் விசயம் என்று. உரிய ஆளாக இருந்திருந்தால் அவரைவிட நல்ல யூரி கிடைத்திருக்க மாட்டார். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஹாஜியார் படியிறங்கும்போது என்னைக் கண்டார். பயந்து பயந்து வந்தவர், விட்டது சனி என்று சந்தோசமாகப் போவார் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது. "கொண்டு வந்ததும் நீ, கலைச்சதும் நீ" என்றார். "நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தன் தம்பி. அத இனி ஆரிட்டப் போய்ச் சொல்ற?" அதற்குப் பிறகு பட்டியலில் அவர் பேர் திரும்பவும் வந்தது. அந்த முறை எனக்கு ஒளித்துப் பிடிக்கும் வேலை இருக்கவில்லை. கடதாசியை வாங்கி, அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

யோகம் வாசலில் நின்றாள். யாரோ சொல்லிவிட்டார்கள், காட்டிக் கொடுத்தது சேவகன்தான் என்று. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு வரும்.

"ஏன் அண்ணன்?" என்றாள்.

"அது உரிய ஆள் இல்ல. பொய் ஆள்."

"ஆள் பொய்யெண்டா? கேட்ட காதும் பொய்யா?"

நான் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவள் நின்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் பதிவாளர் ஐயா கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நினைக்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை. "சொன்னது சரி" என்றார். ஆறிய தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சொல்லாம விட்டிருந்தாலும் நான் உன்னில கோபிச்சிருக்க மாட்டன்" என்றார். பிறகு, இனிமேல் யூரிச் சீட்டுப் போடமுதல் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்க்க வேண்டும் என்று நீதிபதி கட்டளை போட்டிருப்பதாகச் சொன்னார். எங்கள் கோட்டில் அந்த வழக்கம் அன்றுதான் தொடங்கியது. அதை அவர் எனக்கு வெகுமதிபோலச் சொன்னாரா, தண்டனைபோலச் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

தவராசாவின் சட்டத்தரணி யூரியைக் கைவிட்டார். திரும்பவும் ஏழு பேரைத் தேடி அலைய அவருக்குப் பொறுமையில்லை. நீதிபதி தனியாக விசாரித்தார். இடையில் நீதிபதி மாற்றலானார், சாட்சி ஒருவன் கட்டாருக்குப் போனான், இழுபட்டு இழுபட்டு இரண்டு வருசத்துக்கு மேல் போனது. தாய் செத்தபோது தவராசாவை விலங்கோடு கொண்டுவந்து கொள்ளி வைக்க விட்டார்கள். குத்தகை வயல் வேறு ஆளின் கைக்குப் போனது. கடைசியில், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டார்கள். அவன் வெட்டினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்கிறது என் வேலையில்லை. நான் கண்டது இவ்வளவுதான். அன்றைக்கே போயிருக்க வேண்டியவன், இரண்டு வருசம் கழித்துப் போனான்.

விடுதலையாகிச் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் நான் பாதையில் நின்றேன், கையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய கடதாசி. கரையை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் கண்டேன், எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தவராசா நிற்கிறான். என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். நடுத் தண்ணீர் வந்ததும் சைக்கிளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தான். எத்தனை பேரை நான் அந்த இடத்தில் மடக்கியிருப்பேன். இறங்கிப் போக வழியில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"நீங்க செஞ்சது சரியாம் அண்ணன். எங்கட லோயரும் சொன்னார்" என்றான். குரலில் கோபம் இல்லை.

நான் கையிலிருந்த கடதாசியை மடித்தேன்.

"சரியாச் செஞ்சது நீங்க. உள்ளுக்கக் கிடந்தது நான்."

அவ்வளவுதான் சொன்னான். போய்ச் சைக்கிளை வாங்கிக்கொண்டான். பாதை கரையில் முட்டியதும் முதல் ஆளாக இறங்கிப் போனான்.

நான் பிழை செய்தேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். இன்னொரு முறை அந்த அறையில் அந்தப் பார்சலோடு நின்றாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவன் சொன்னதிலும் ஒரு சொல்கூடப் பிழையில்லை. இந்த இரண்டையும் சேர்த்துவைத்து நிம்மதியாக இருக்கிற வித்தை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் மலரில் எழுதட்டும்.

மனைவி சொன்ன துண்டை நான் எடுக்கவில்லை. எனக்குப் போக விருப்பம் இருக்கவில்லை என்பதும் உண்மை. முன்பின் தெரியாத ஒருவனின் தலைவிதியில் கை வைக்கிற வேலை. ஹாஜியார் பயந்த பயம் எனக்கும் வந்தது, என் வீட்டுக்கும் முன்னால் பேர் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் நான் போகாமல் விட்டால் விளக்கமறியலுக்கு யார் திரும்பிப் போவான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களை மன்னிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

தேதிக்குப் போனேன். மேசையில் இருந்து பேர் பதிந்தவன் என்னோடு நீண்ட காலம் வேலை செய்த எழுதுவினைஞன். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கண்ணன், நீங்களுமா?" என்று சிரித்துக்கொண்டு பேரை எழுதப் போனான். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. நான் எடுத்து நீட்டினேன்.

"உங்களத் தெரியாதா அண்ணன் எனக்கு?"

"கதைய விடு. அட்டையப் பாரு. மறுகா என்ட முகத்தப் பாரு."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துண்டில் என் பேரை எழுதி மடித்துச் சீட்டுப் பெட்டிக்குள் போட்டான். நான் போய் மர வாங்கில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரியைக் கூட்டிவந்து கூண்டில் நிறுத்தினார்கள். மீசை அரும்பிய பொடியன். எங்களில் ஒருவரையும் அவன் பார்க்கவில்லை. எங்கள் பேர் கிடந்த பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.